தங்க வயலும் செவிலியர் கடமையும்

பங்காரப்பேட்டைச் சந்திப்பில் இறங்கி, மாரிகுப்பம் செல்லும் கிளைப்பாதை வண்டியில் ஏறி அமர்வோர், சிறிது நேரத்திற்கெல்லாம் பலகணி வழியே விந்தையானதொரு காட்சியைக் காண்பர். சாம்பல் நிறத்தில், உச்சி தட்டையாக, பக்கங்களை மழைநீர் வரிவரியாக அரித்திருக்க, மணல் மேடுகள் வரிசையாக நிற்கும். இவை இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சைனைடு நீரில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்துக்கொண்டபின், எஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுகள். சைனைடு மேடு என்றே ஊரார் இவற்றைச் சொல்கின்றனர். காற்றடி காலத்தில் அந்தப் பொடி எழுந்து வீட்டுத் திண்ணையிலும் சோற்றுத் தட்டிலும் படிவதைப் பற்றி அவர்கள் பேசக் கேட்கலாம். நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அந்தத் தூசியை அன்று. கண்ணுக்குத் தென்படாத மற்றொரு தூசியையும், அதனை மார்பில் சுமந்து வாழ்வோரைப் பேணும் செவிலியரின் கடமையையும் பற்றியே.

கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்று குடியேறினர். கன்னட நாட்டில் தமிழ் ஒலிக்கும் ஊராக அது ஆனதன் வரலாறு இதுவே. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001ஆம் ஆண்டில் பணி முற்றிலும் நிறுத்தப்பட்டது. இந்த நூற்றிருபது ஆண்டுக் காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. அதன் அடித்தளத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும்.

அங்கே பொன் தனித்துக் கிடப்பதில்லை. படிகக்கல் பாறையின் நரம்புகளில் கலந்து கிடப்பது. படிகக்கல் என்பது பெரும்பாலும் சிலிக்கா. துளைபோடும் இயந்திரம் பாறையில் இறங்கும்போதும், வெடி வைத்துத் தகர்க்கும்போதும் அந்தச் சிலிக்கா நுண்பொடியாகிக் காற்றில் கலக்கிறது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு அளவும் அதனிற் குறைந்தும் உள்ள துகள்களே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று சேர்வன. உடலின் காவலணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கிய அணுக்கள் சீரணிக்க இயலாமல் மடிகின்றன. மடியும்போது வெளிப்படும் பொருள்களால் அந்த இடம் புண்பட்டுத் தழும்பாகிறது. துகளோ அழிவதில்லை, அடுத்த அணு வந்து அதனை விழுங்குகிறது. இவ்வாறு பஞ்சு போன்றிருக்க வேண்டிய நுரையீரல், ஆண்டுகள் செல்லச் செல்ல முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படுகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு தூசியை உட்கொண்டபின் வெளிப்படுவது. தூசி நின்றபின்னும் தொடர்ந்து முற்றக் கூடியது என்பதே இந்நோயின் கொடுமை. ஆகவே 2001இல் சுரங்கத்தின் வாயில் அடைபட்டதனால் அதில் உழைத்தவர்களுடைய நோயும் அன்றோடு நின்றுவிடவில்லை.

இந்திய நாட்டில் சிலிகோசிஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1947ஆம் ஆண்டில் கோலார் தங்க வயலிலிருந்தே வெளிவந்தது. ஆராயப்பெற்ற 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் அதிகமானோரிடம் நோய் காணப்பட்டது. துளையிடும் இடத்தில் நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்குவதும், காற்றோட்டத்தைப் பெருக்குவதும் தடுப்பு முறைகள். நோய் வந்துவிட்டபின் தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

மருந்தில்லாத நோய்க்குச் செவிலியர் செய்யக்கூடியது யாது? இருமலுக்கு மாத்திரையும், மூச்சுத் திணறினால் ஆக்சிஜனும் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதன்றி வேறென்ன? செவிலியப் பள்ளியில் முதலாண்டு பயிலும் ஒரு மாணவியின் உள்ளத்தில் இவ்வினா எழுவது இயற்கையே. நம் கருத்து இதற்கு நேர்மாறானது. மருத்துவரின் ஆற்றல் எங்கே எல்லைக்கு வருகிறதோ, அங்கேதான் செவிலியத்தின் தனித் திறம் தெளிவாகத் தெரிகிறது. அத்திறம் எழுத்தில் அமையும் வடிவமே பராமரிப்புத் திட்டம் எனப்படுவது. ஒழுக்க நெறி என்று ஒரு பாடமும், பராமரிப்புத் திட்டம் என்று மற்றொரு பாடமும் கால அட்டவணையில் வெவ்வேறு மணி நேரங்களில் வைக்கப்படுகின்றன. அது பள்ளியின் வசதிக்காகச் செய்த பிரிவு. நோயாளியின் கட்டிலருகே அவை இரண்டும் ஒன்றே.

இந்நெறியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் செவிலியம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோதே, நோயாளியை ஊன்றி நோக்குவதை முதன்மையான பணியாக வைத்தார். 1899இல் தோன்றிய அகில உலகச் செவிலியர் மன்றம் 1953இல் ஒழுக்க நெறித் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. அது பலமுறை திருத்தப்பெற்று, 2021லும் புதுக்கப்பட்டது. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியச் செவிலியர் மன்றம் அமைந்தது. 2023இல் தேசியச் செவிலியர் ஆணையத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. திட்டமிட்டுப் பேணும் முறைக்கு அடிகோலியவர்களுள் ஐடா ஜீன் ஓர்லாண்டோ என்னும் அமெரிக்கச் செவிலியர் குறிப்பிடத்தக்கவர். 1961இல் வந்த அவருடைய நூல், நோயாளியின் நடத்தையைக் கண்டு செவிலி தானே பொருள் கற்பித்துக்கொள்ளாமல், அவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும் என்று வற்புறுத்தியது. கேட்டுத் தெளிதல் என்ற இந்த ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தங்க வயலில் ஒரு மருத்துவமனை வார்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, முன்சாய்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி அமர்ந்திருக்கிறார். அவருடைய மனைவி அருகில் தரையில் இருக்கிறார். குறிப்பேட்டில் “தொழில்: ஓய்வு பெற்றவர்” என்று எழுதியிருக்கிறது. பயிற்சி மாணவி வந்து நிற்கிறாள்.

முதற்படி மதிப்பீடு. மாணவி கேட்கவேண்டிய முதற்கேள்வி, “ஐயா, சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?” என்பதே. சுரங்கத் தொழிலாளி என்று அறிந்தது போதாது. துளைபோடும் இயந்திரத்தில் நின்றாரா, வெடித்த கல்லை வாரினாரா, மரத்தூண் நாட்டினாரா, மேலே அலுவலகத்தில் இருந்தாரா? எத்தனை ஆண்டுகள்? “மெஷின் வேலை, அம்மா. இருபத்து நாலு வருஷம்” என்று அவர் சொல்லும் ஒரு வரி, வெறும் பழங்கதை அன்று, நோயைக் கண்டறிவதற்குரிய திறவுகோல். அதனைக் கேட்டு எழுதாமையால் எத்தனையோ பேருடைய நோய் காசம் என்ற ஒரே பெயரில் அடங்கிப்போகக் கூடும். காசமும் இதில் கலந்துகொள்வது உண்மை. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் வேரூன்றும். ஆகவே இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், எடை குறைந்தாலும், மாலையில் காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவருக்குத் தெரிவித்துச் சளியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒன்று இருப்பதனால் மற்றது இல்லை என்று முடிவு கட்டுதல் இருவகையிலும் தீங்கு.

அடுத்து மூச்சை எண்ணுதல். இதனை நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். வார்டுகளின் குறிப்புத் தாள்களைப் புரட்டிப் பார்த்தால், நாடித்துடிப்பும் காய்ச்சலும் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருக்க, மூச்சின் எண்ணிக்கை மட்டும் பல சமயங்களில் எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கக் காணலாம். எண்ணாமல் எழுதிய எண் அது. நாடியைப் பிடித்தால் நோயாளிக்குத் தெரியும். வெப்பமானி வைத்தால் தெரியும். மூச்சை எண்ணுகிறோமா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் செய்யும் வேலையாதலால் அது எளிதில் கைவிடப்படுகிறது. நம் பெரியவருக்கு நேற்று 22, இன்று 28 என்றிருந்தால், அவர் நிலை மோசமாகிவருகிறது என்பதை அந்த எண்ணே முதலில் அறிவித்திருக்கும். 20 என்ற பொய்யெண் அந்த அறிவிப்பை மறைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து, அவர் அறியாதவாறு, ஒரு முழு நிமிடம் மார்பின் எழுச்சியை எண்ணுவது தொழில்திறமா, ஒழுக்கமா? இவ்விரண்டையும் பிரிக்க நம்மால் இயலவில்லை.

இனி, மதிப்பீட்டில் அறிந்தவற்றிலிருந்து செவிலியர் தாம் கவனிக்கவேண்டிய குறைகளை வரிசைப்படுத்துவது இரண்டாம் படி. இதற்கும் மருத்துவர் செய்யும் நோய்க் கணிப்புக்கும் வேறுபாடு உண்டு. சிலிகோசிஸ் என்பது மருத்துவர் கூறும் பெயர். “நான்கு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுவதால் இரவில் உறக்கமில்லை, மூச்சிரைப்பால் ஒருவேளைச் சோறு முழுதாக உண்ண முடிவதில்லை, மனைவிக்கும் உறக்கமில்லை” என்பன செவிலி கண்ட குறைகள். நோயை மாற்ற இயலாதெனினும் இவற்றுள் ஒவ்வொன்றையும் சிறிதேனும் மாற்ற இயலும்.

மூன்றாம் படியில் இலக்கு வகுக்கப்படுகிறது. இங்கேதான் மாணவர் பெரிதும் வழுக்கி விழுகின்றனர். பாட நூலைப் பார்த்து, “இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இவ்வளவுக்குக் குறையாதிருத்தல்” என்று எழுதிவிடுகிறார்கள். அது வேண்டியதே. ஆயின் அந்தப் பெரியவரிடம், “ஐயா, எது முடிந்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும்?” என்று கேட்டால் அவர் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்ல மாட்டார். “வாசல் படி மூன்று இருக்கிறது. அதில் இறங்கி, சாயங்காலம் வெளியே நாலு பேரோடு உட்கார வேண்டும்” என்பார். இலக்கு அதுவே. இரண்டு வாரத்தில், இடையில் ஒருமுறை நின்று, மூன்று படி இறங்கி ஏறுதல் என்று அதனை நாளும் அளவும் குறித்து எழுத வேண்டும். நோயாளியின் உரிமையை மதித்தல் என்று நெறித் தொகுப்புகள் பெரிய எழுத்தில் கூறுவது, நடைமுறையில் இந்த மூன்று படிகளாக வந்து நிற்கிறது.

செயல்முறைகளில் அரிய மர்மம் ஒன்றுமில்லை. முன்சாய்ந்து மேசைமேல் கைகளை ஊன்றி அமரும் நிலை மூச்சுத் தசைகளுக்கு உதவுவது. அதனை அவர் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார், உயரமான ஒரு பலகையும் தலையணையும் கொடுத்தால் போதும். மூக்கால் மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல வெளிவிடப் பழக்குதல் வேண்டும். படி ஏறும்போது மூச்சை வெளிவிட்டுக்கொண்டே காலை எடுத்து வைக்கச் சொல்லித் தரவேண்டும். மூன்று வேளைச் சோற்றை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கலாம். வாரம் ஒருநாள் எடை பார்த்தல், சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் நினைவூட்டல், அடுப்புப் புகையிலிருந்து விலக்கி அமர்த்தல் ஆகியன மற்றவை. வீட்டில் ஆக்சிஜன் வைப்பதாயின் அதனருகே பீடியோ விளக்கோ கூடாது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

பீடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நோயாளி சொன்னபடி கேட்கிறாரா என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் கம்ப்ளையன்ஸ் என்றொரு சொல் நெடுங்காலம் வழங்கி வந்தது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் அதனைக் ‘கீழ்ப்படிதல்’ என்று பெயர்த்தால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் அச்சொல் நோயாளியைச் சிறைக்கைதியாக்கிவிடுகிறது. ‘இசைந்து ஒழுகுதல்’ என்பதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இசைவிக்க வேண்டிய பொறுப்பு அப்போது செவிலியின் பக்கமும் வந்துவிடுகிறதல்லவா? நாற்பது ஆண்டாகப் பீடி பிடித்தவரை, “சொன்னால் கேட்பதில்லையே!” என்று வார்டு முழுதும் கேட்கக் கடிந்தால் அவர் மறைவாகச் சென்று பிடிப்பார், அடுத்தமுறை கேட்டால் பொய் சொல்வார். கடிந்துகொண்டதன் பயன் உண்மையான தகவல் நின்றுபோனது ஒன்றே. எப்போது ஆசை மிகுகிறது, அந்நேரத்தில் வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் ஒருவேளை குறைத்திருப்பார்.

பெரியவரின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அதிகாலை இரயிலில் சென்று இரவு இரயிலில் திரும்பும் எண்ணற்ற தங்கவயல்வாசிகளில் ஒருவர். அவர் ஒருநாள் மாணவியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, “சிஸ்டர், இது தீராத வியாதி என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். டி.பி. என்று சொல்லுங்கள், மாத்திரை தின்றால் சரியாகிவிடும் என்று நம்பிக்கையோடு இருக்கட்டும்” என்று கேட்டுக்கொள்கிறார். அன்பினால் கேட்பது. ஆனாலும் மாணவி அதற்கு உடன்படலாகாது. தானே சென்று உண்மையைப் போட்டு உடைத்தலும் கூடாது. நோயின் தன்மையை விளக்கும் பொறுப்பு மருத்துவருடையது. மேற்பார்வைச் செவிலியிடமும் மருத்துவரிடமும் செய்தியைச் சேர்ப்பித்து, பெரியவரிடம், “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், ஐயா?” என்று கேட்க வழி செய்வதே முறை. பெரும்பாலும் இத்தகையோர்க்கு அது முன்பே தெரிந்திருக்கும். தம்மோடு இறங்கியவர்களில் எத்தனை பேர் இப்படி மூச்சு வாங்கிச் செத்தார்கள் என்று அவர்கள் எண்ணி வைத்திருப்பவர்கள். மறைத்தலால் அவருக்கு வேறொரு கேடும் உண்டு. 2025 வரை நடைமுறையிலிருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அறிவிக்கப்படும் தொழில்நோய்களைப் பற்றி மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது; அதுபோலவே 2025 வரை நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இத்தகைய தூசி நோய்கள் இடம் பெற்றிருந்தன. தமக்குற்றது தொழிலால் வந்த நோய் என்பதையே அறியாதவர் எந்த வாயிலில் போய் முறையிடுவார்?

மருத்துவமனையும் சுரங்கமும் ஒரே முதலாளியின் கீழ் இருந்த காலத்தை எண்ணிப் பார்க்கும்போது, இக்கடமையின் கடுமை விளங்கும். சம்பளம் தருவோர் ஒருவர், பேணப்படுவோர் மற்றொருவர். இந்நிலை கோலாருக்கு மட்டும் உரியதன்று; ஆலை, தோட்டம், துறைமுகம் எங்கும் காண்பது. அங்கெல்லாம் செவிலியின் குறிப்பேடு ஒரு சான்று. கண்டதைக் கண்டபடி, நேரம் குறித்து, தன் கையெழுத்திட்டு எழுதுதல் வேண்டும். செய்யாத பணியைச் செய்ததாக எழுதலாகாது. தவறிச் செய்ததை மறைக்கவும் ஆகாது. மாணவி மருந்தின் அளவில் பிழை செய்துவிட்டால் அடுத்த நிமிடமே மேற்பார்வையாளரிடம் உரைத்தாக வேண்டும். பிழையை ஒப்புக்கொண்ட மாணவியை எல்லோர் முன்னிலும் இழிவுபடுத்தும் ஆசிரியர் உண்டு. அவர் அடுத்த பிழையை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்று நாம் கருதுகிறோம்.

மறைகாப்பைப் பற்றியும் ஒரு சொல். தங்க வயலின் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். அத்தகைய ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது ஏற்கெனவே பாதி தெரிந்த செய்தி. மீதிப் பாதியைச் செவிலி சொல்லிவிடக் கூடாது. பேருந்தில் தோழியிடம் பேசுவதும், கைப்பேசியில் வார்டில் எடுத்த படத்தைப் பிறருக்கு அனுப்புவதும் இக்காலத்தில் இந்நெறியை மிகுதியாகக் குலைப்பவை. படத்தில் நோயாளியின் முகம் இல்லையே என்று சமாதானம் சொல்வோர் உளர். கட்டில் எண்ணைக் கண்டே ஆளைச் சொல்லிவிடும் ஊர் அது.

இனி இறுதிப்படியாகிய மறுமதிப்பீடு. இரண்டு வாரம் சென்றது. பெரியவர் மூன்று படியை இறங்கினார். ஏறும்போது இருமுறை நிற்க வேண்டியிருந்தது. இலக்கு ஓரளவே எய்தியது என்று உள்ளபடி எழுதி, நடுவில் ஒரு முக்காலி போடத் திட்டம் திருத்தப்படுகிறது. ஆறு திங்கள் கழித்து அவர் படிக்கே வர இயலாமற் போகலாம். அப்போது திட்டம் மீண்டும் மாறும். முகத்துக்கு நேரே சிறு மின்விசிறி வைத்தால் திணறல் உணர்ச்சி தணியும். மருத்துவர் மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதித் தருவதும் உண்டு, அதனைத் தரும் முறையை வீட்டாருக்கு எழுதிக் காட்ட வேண்டும். திணறல் மிகும்போது யாரை அழைப்பது, மருத்துவமனைக்கு வர விரும்புகிறாரா, தம் வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்பதை அவர் பேச இயலும் நாளிலேயே கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

தங்க வயலின் பெரிய மருத்துவமனை சுரங்கத்தோடு மூடிக்கிடந்து, 2021ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் தொண்டர்களால் தூய்மை செய்யப்பெற்று மீண்டும் பயன்பட்டதை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். முதியோர் பலருக்கு இன்று வீடே வார்டு. அவர்களுடைய மனைவியரே செவிலியர். ஆதலால் நம் மாணவி எழுதிய திட்டத்தின் கடைசிப் பத்தி பெரியவரைப் பற்றியதன்று. வாரத்தில் இரண்டு இரவு மகன் தந்தையருகில் படுத்துக்கொள்வது, அந்த இரண்டு இரவும் அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவது என்று அதில் எழுதியிருந்தது. அந்த அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவ்வரியை மாணவி படித்துக் காட்டியபோது, தாளை வாங்கித் தாமே ஒருமுறை படித்துவிட்டு, மடித்து மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.